தோட்டத்தில் எழும் புதிய நகரம்: கடை வாங்க முன் ஒரு கணக்கு

எனது வாப்பா ஷீட் இறப்பர் வாங்கி விற்றவர். சிறுதோட்டக்காரர்கள் ஷீட்டைத் தராசில் வைக்கும்போதே, "முதலாளி, இது பீ.பீ. 86 மரத்துப் பால்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சொல்வது அது. இலங்கையில் ஒரு காலத்தில் மிக அதிகமாக நடப்பட்ட இறப்பர் இனம் அதுதான். இறப்பர் ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த ஏதோ ஓர் இலக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த இரண்டு எழுத்துகளும் ஒரு தோட்டத்தின் பெயர் என்பது 2003 ஆம் ஆண்டு துணி வாங்கக் கோலாலம்பூர் போனபோதுதான் எனக்குத் தெரிய வந்தது.

பீ.பீ. என்றால் 'பெராங் பெசார்'. மலாய் மொழியில் 'பெரும் போர்' என்று பொருள். முதலாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர்கள் 1921 இல் சிலாங்கூர் மாநிலத்தில் காடு வெட்டித் திறந்த தோட்டம் அது. 800 ஏக்கரில் ஆரம்பித்து, அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து 8,000 ஏக்கர் வரை வளர்ந்தது. இன்று அங்கே இறப்பரும் இல்லை, பின்னர் வந்த எண்ணெய்ப்பனையும் இல்லை. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா அந்த மண்ணில்தான் நிற்கிறது.

இந்த வாரம் இதை எழுதுவதற்குக் காரணம் எனது தங்கையின் மகன். சிறிய அளவில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறார். போன மாதம் ஒரு வர்ணப் பிரசுரத்தோடு வீட்டுக்கு வந்தார். பழைய தென்னந்தோட்டம் ஒன்றில் 'புதிய நகரம்' வரப் போகிறதாம். வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, கடைத்தொகுதி எல்லாம் உண்டாம். "மாமா, இப்ப எடுக்காட்டி பிறகு கிட்ட நெருங்க ஏலாது" என்றார். முற்பணம் கட்டுவதற்காகத் தன் உம்மாவின் வீட்டு உறுதியை வங்கியில் ஈடு வைக்கும் யோசனையில் இருந்தார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவரிடம் ஆறுதலாகச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். அவரைப் போல் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

ஏன் தோட்டக் காணி?

புதிய நகரம் கட்டுபவர்கள் ஏன் தோட்டத்தையே தேடிப் போகிறார்கள்? காரணம் எளியது. ஊருக்குள் 100 ஏக்கர் சேர்க்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான உரிமையாளர்களுடன் பேச வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், இன்னொருவரின் காணி வழக்கில் இருக்கும். தோட்டம் என்றால் உரிமையாளர் ஒருவர், உறுதி ஒன்று, எல்லையும் ஒன்று. உள்ளே வண்டிப் பாதை ஏற்கனவே இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம் விலை. விவசாயக் காணியாக ஏக்கர் கணக்கில் வாங்கி, குடியிருப்புக் காணியாக பேர்ச்சஸ் கணக்கில் விற்கலாம். இலாபத்தின் பெரும்பகுதி இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம். ஏக்கர் 60 இலட்சம் ரூபாவுக்கு வாங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். அப்படியானால் ஒரு பேர்ச் 37,500 ரூபா. வீதிகளுக்கும் பொதுத் தேவைகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால், விற்கக்கூடிய ஒரு பேர்ச்சின் அடக்க விலை 56,250 ரூபா. இதை 1,50,000 ரூபாவுக்கு விற்றால் வித்தியாசம் 93,750 ரூபா. வீதி, வடிகால், மின்சாரம், தண்ணீர், விளம்பரம், வட்டி ஆகிய செலவுகளும் கம்பனியின் இலாபமும் அந்த வித்தியாசத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீதிக்கும் தண்ணீருக்கும் உரிய பணத்தை நாம் காணி விலையிலேயே கொடுத்து விடுகிறோம். கம்பனி அந்த வேலைகளைச் செய்யாமல் விட்டால், செலவாக வேண்டிய பணம் அதன் இலாபமாக மாறி விடுகிறது. 'பிறகு செய்து தருவோம்' என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

புத்ராஜெயாவில் என்ன நடந்தது?

புத்ராஜெயாவை எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அது ஒரு தோல்வியின் கதை அல்ல என்பதே. பணமும் திட்டமும் அரசியல் உறுதியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த நகரம் அது. அங்கேயே வியாபாரிக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், வசதி குறைந்த இடங்களில் என்ன நடக்கலாம் என்பது விளங்கும்.

கோலாலம்பூரில் வாகன நெரிசல். அரசாங்க அலுவலகங்கள் நகரமெங்கும் சிதறிக் கிடந்தன. கலாநிதி மஹாதீர் முஹம்மத் பிரதமராக இருந்த காலத்தில், 1993 இல், பெராங் பெசார் தெரிவு செய்யப்பட்டது. தலைநகரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீற்றர் தூரம். புதிய சர்வதேச விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்தது. மலேசியாவில் காணி மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், மத்திய அரசு சிலாங்கூர் மாநிலத்துக்குப் பணம் கொடுத்தே அந்த நிலத்தைப் பெற்றது. 1995 இல் வேலை ஆரம்பமாகியது. 1999 இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. 2001 பெப்ரவரி 1 ஆம் திகதி புத்ராஜெயா தனியான கூட்டாட்சிப் பிரதேசமாகியது. பரப்பளவு சுமார் 49 சதுர கிலோமீற்றர்.

கட்டியது யார் என்பது முக்கியம். 'புத்ராஜெயா ஹோல்டிங்ஸ்' என்ற கம்பனி 1995 இல் அமைக்கப்பட்டது. அதில் பெரும்பான்மைப் பங்கு அரசாங்க எண்ணெய்க் கம்பனியான பெற்றோனாஸிடம் இருந்தது. அந்தக் கம்பனி கட்டடங்களைக் கட்டியது. அரசாங்கம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து வாடகை செலுத்தியது. 1997 இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து, அந்தப் பிராந்தியத்தில் எத்தனையோ கட்டடங்கள் பாதியில் நின்றபோதும் இந்த நகரம் நிற்கவில்லை. கடைசிவரை வாடகை தரக்கூடிய ஒரு பெரிய குத்தகைக்காரர், அதாவது அரசாங்கமே, உறுதியாக இருந்ததுதான் காரணம்.

வேலையின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. சுவாவ், பீசா ஆகிய ஆறுகளை மறித்து ஏரி அமைத்தார்கள். மேலேயுள்ள தோட்டங்களிலிருந்து உரமும் மருந்தும் கலந்து வரும் தண்ணீரைச் சுத்தப்படுத்த, சுமார் 200 ஹெக்டயரில் சதுப்பு நிலத்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். மின்சாரம், தொலைபேசி, தண்ணீர்க் குழாய்களுக்கு நிலத்துக்குக் கீழே பொதுச் சுரங்கம் அமைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டும். தனியார் கம்பனி ஒன்று சில நூறு காணித் துண்டுகளை விற்று இதைச் செய்ய முடியாது. எனவே ஒரு பிரசுரம் புத்ராஜெயாவைப் போன்ற ஏரியைப் படத்தில் காட்டினால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நமது உரிமை.

மூன்று இலட்சமும் ஒரு இலட்சமும்

இப்போது வியாபாரியின் கண்ணால் பார்ப்போம். திட்டத்தின்படி அந்த நகரத்தில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ வேண்டும். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,09,000 பேர். வேலை ஆரம்பித்து 25 வருடங்களுக்குப் பின்னரும் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மூன்று இலட்சத்தை நம்பிக் கடை போட்டவருக்கு ஒரு இலட்சமே கிடைத்தது. நகரம் என்ற வகையில் இது தோல்வி அல்ல. ஆனால் கடைக்காரருக்கு மூன்று வாடிக்கையாளர் வர வேண்டிய இடத்தில் ஒருவர் வருவது வாழ்வா சாவா என்ற பிரச்சினை.

வாடிக்கையாளர் யார் என்பதும் முக்கியம். அங்கே வேலை செய்யும் உத்தியோகத்தர்களில் பலர் காஜாங், பாங்கி, கோலாலம்பூர் போன்ற இடங்களிலிருந்து காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். 2005 முதல் மலேசிய அரச ஊழியர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை. ஆகவே பகல் சாப்பாட்டுக் கடைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை நல்ல வியாபாரம். சமையலுக்கு அரிசியும் வீட்டுக்குப் பெயின்ட்டும் அவர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் வாங்குவார்கள். 2004 இல் அலமண்டா என்ற பெரிய வணிக வளாகமும் திறக்கப்பட்டது. இருந்த கூட்டத்தின் ஒரு பகுதியை அது ஒரே கூரையின் கீழ் இழுத்துக் கொண்டது.

போக்குவரத்தைப் பாருங்கள். விமான நிலையப் பாதையின் புகையிரதம் 2002 இல் வந்தது. நிலையமோ நகரத்தின் ஓரத்தில். அங்கிருந்து அலுவலகப் பகுதிக்குப் போக பஸ் அல்லது டெக்ஸி வேண்டும். நகரத்துக்குள் ஓட வேண்டிய மோனோ ரயில் 2004 அளவில் கைவிடப்பட்டது. அதற்காகக் கட்டிய அழகான தொங்குபாலம் ரயில் ஒன்றைக் காணாமலே ஏரிக்கு மேல் நிற்கிறது. கோலாலம்பூரை இணைக்கும் எம்.ஆர்.டி. பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 2023 மார்ச்சில்தான்.

2003 இல் நான் பார்த்தபோது அகன்ற வீதிகளும் ஏரியின் காற்றும்தான் மனதில் நின்றன. 2024 இல் மீண்டும் போனேன். அது ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஏரிக்கரையில் 1999 இல் கட்டப்பட்ட இளஞ்சிவப்புப் புத்ரா பள்ளிவாசலைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருந்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் இடமில்லை. அலுவலகங்கள் இருக்கும் வீதிக்கு நடந்தேன். ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கடை தேடி அலைய வேண்டியிருந்தது. ஒரே நகரத்தில், ஒரே நாளில், இந்த இரண்டையும் பார்த்தேன்.

பழைய வாடிக்கையாளர் எங்கே?

தோட்டக் காணி வெறுங்காணி அல்ல. பெராங் பெசாரிலும் அயல் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டி வாழ்ந்தன. குடியிருந்த வீட்டுக்கு அவர்களிடம் உறுதி கிடையாது. வேலை இருந்தால் வீடும் உண்டு. வேலை போனால் வீடும் போகும். லயன் காம்பரா என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நகரம் வந்தபோது அவர்கள் டெங்கில் என்ற ஊரிலுள்ள தாமான் பெர்மாத்தா தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தக் கட்டடங்களில் பின்னர் வெடிப்புகள் ஏற்பட்டன. பாதுகாப்பான வீடு கேட்டு அந்தக் குடும்பங்கள் பல வருடங்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வளர்த்த மண்ணில் மாளிகைகள் எழுந்தன. அவர்களுக்குக் கிடைத்தது வெடித்த சுவர்.

இது மனிதாபிமானம் சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல, வியாபாரப் பாடமும் கூட. தோட்டத்தை அண்டிக் கடை வைத்திருப்பவர்களிடம் கடன் கொப்பி இருக்கும். சம்பள நாளில்தான் கணக்குத் தீரும். தோட்டம் மூடப்பட்டால் முதலில் போகிறவர்கள் அந்த வாடிக்கையாளர்களே. புதிய குடியிருப்பாளர்கள் வருவதற்குப் பல வருடங்கள் எடுக்கும். பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வராத அந்த இடைக்காலத்தில்தான் சிறு வியாபாரி உடைகிறார். பிரசுரங்கள் எவற்றிலும் இந்த இடைக்காலம் இருப்பதில்லை. ஆரம்ப நாளும், நகரம் நிறைந்த நாளும் மட்டுமே இருக்கும்.

நான் கட்டிய பாடம்

இதையெல்லாம் தூர நின்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 2009 இல் நானும் தோட்டக் காணி ஒன்றில் பிரதான வீதி முகப்பில் 20 பேர்ச்சஸ் வாங்கினேன். யாரிடம் வாங்கினேன் என்பது இப்போது தேவையில்லை. யுத்தம் முடிந்த உற்சாகத்தில் எல்லோரும் காணி வாங்கிய காலம். ஒரு வருடத்தில் கார்ப்பட் வீதி, இரண்டு வருடத்தில் கடைத்தொகுதி என்றார்கள். நான் வாங்கியது கடை கட்ட. கிரவல் போட்ட வீதி மழையில் கழுவுண்டு போனது. சுற்றிவர வாங்கியவர்கள் எல்லோரும் என்னைப் போலவே விலை ஏறும் என்று காத்திருந்தவர்கள். வீடு கட்டியவர்கள் நான்கு பேர். நான்கு வீட்டை நம்பி யார் கடை போடுவது? எட்டு வருடங்களுக்குப் பின் வாங்கிய விலைக்கே விற்றேன். நட்டமில்லை என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பணம் எட்டு வருடம் எனது கடையில் சரக்காகச் சுழன்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வியாபாரிகள் அறிவார்கள்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

மருமகனிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவை இவை.

1. காணி யாருடையது? 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி நமது நாட்டில் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஆகவே பெரிய தோட்டம் என்றால் அது எப்படி அந்தக் கைக்கு வந்தது, சொந்தமா, குத்தகையா என்று பார்க்க வேண்டும். தோட்டக் காணிகளைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் 1958 முதல் இருக்கிறது. பின்னர் தென்னங்காணிகளும் அதில் சேர்க்கப்பட்டன. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். உறுதியைக் கம்பனியின் சட்டத்தரணியிடம் அல்ல, உங்கள் சொந்தச் சட்டத்தரணியிடம் கொடுத்துப் பழைய பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள்.

2. நிச்சயமாக வரப் போவது யார்? புத்ராஜெயாவுக்கு அரசாங்கம் வந்தது. இங்கே வருவது எது? வைத்தியசாலை வரும் என்றால் அதை நடத்துபவர் கையெழுத்திட்டிருக்கிறாரா?

3. வீதி, தண்ணீர், மின்சாரம் முடிந்துவிட்டனவா, முடியப் போகின்றனவா? முடியப் போகின்றன என்றால் எந்தத் திகதிக்குள், தவறினால் என்ன இழப்பீடு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

4. எத்தனை வீடுகளுக்கு எத்தனை கடைகள்? இன்று 20 கடை என்று விற்று, நாளை ஒரு சுப்பர் மார்க்கட்டைக் கொண்டு வந்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

5. அங்கே ஏற்கனவே வாழ்ந்தவர்கள் எங்கே? அவர்களுக்குரியது கொடுக்கப்பட்டு விட்டதா? கொடுக்கப்படாவிட்டால் நாளை வழக்கும் முரண்பாடும் வாசலுக்கு வரும். அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்தால் நம்மை எப்படி நடத்துவார்கள் என்பதும் தெரியும்.

6. ஆள் வராமல் எத்தனை வருடம் தாங்க முடியும்? கடை இரண்டு கோடி ரூபா, வங்கி வட்டி 12 வீதம் என்று வைத்தால், வருடத்துக்கு 24 இலட்சம், மாதத்துக்கு 2 இலட்சம் ரூபா. முதல் வாடிக்கையாளர் படியேற முன்னரே போகும் பணம் இது. ஐந்து வருடம் இப்படிப் போனால் வட்டி மட்டும் 1 கோடி 20 இலட்சம். முதல் அப்படியே நிற்கும்.

புதிய நகரங்களுக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் போனவர்கள் நன்றாக வந்த இடங்களும் உண்டு. ஆனால் முதலில் போவதற்கும் முதலில் வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாடகைக்கு எடுத்து இரண்டு வருடம் நடத்திப் பாருங்கள். கட்டுமானம் நடக்கும் காலத்தில் சீமெந்தும் கம்பியும் தேவைப்படும். ஹார்ட்வெயார்காரருக்கு அங்கே கடை இல்லாமலே வியாபாரம் உண்டு. இடம் பிடித்துவிட்டால் அப்போது வாங்கலாம். கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க நேரும். அந்தக் கூடுதல் விலை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கொடுக்கும் கட்டணம் என்று நினையுங்கள்.

மருமகன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கம்பனி அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்ததாம்: "இன்னும் ஆறு மாதத்தில்." எழுதித் தருவீர்களா என்று கேட்டதற்கு, மெனேஜர் வந்ததும் சொல்கிறோம் என்றார்களாம். இன்றுவரை தொலைபேசி அழைப்பு வரவில்லை. தங்கையின் வீட்டு உறுதி அலுமாரியிலேயே இருக்கிறது. மருமகன் அங்கே வீடு கட்ட ஆரம்பித்த இருவருக்குச் சீமெந்து அனுப்புகிறார். கைக்காசுக்குத்தான், கடனுக்கு அல்ல.